வழுக்கைத் தலைக்கு அரப்பு

மாப்ளே,

இன்று காலை குளிக்கப் போனபோது என் வீட்டுக்காரி வழியை மறித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். "எண்ணிப் பார்த்தா இருவது முடி தேறாது. இந்தத் தலைக்கு எதுக்குங்க இத்தன அரப்பு?" குளியலறை மாடத்தில் தலைக்குத் தேய்க்கிற அரப்புத்தூள் மூன்று டப்பா நிறைய இருக்கிறது. போதாதென்று மொட்டை மாடியில் சாக்கு விரித்து இன்னும் இலை காய்கிறது. நியாயமான கேள்விதான். உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொண்டேன். ஒரு கை தூளில் தண்ணீர் விட்டுக் குழைத்ததும் அந்தப் பச்சை வாடை எழுந்தது. அவ்வளவுதான், நினைப்பில் நம் கரட்டடிக்குப் போய்விட்டேன். வெளியே வர அரை மணி நேரம் ஆயிற்று.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. இருந்தவரை உனக்கு ஒரு கடிதம்கூட நான் எழுதியதில்லை. எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை உன்னிடம் ஒப்பித்தவன், ஒரே ஒரு சங்கதியை மட்டும் முப்பது வருஷத்துக்கு மேல் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். அதற்காகத்தான் இந்த மடல். ஆனால் என் சமாசாரம் உனக்குத் தெரியும். நேராக வரத் தெரியாது, ஊரைச் சுற்றித்தான் வருவேன்.

உனக்கும் தங்கை கிடையாது, எனக்கும் கிடையாது. ஆனாலும் பார்த்த முதல் நாளே ஒருவரை ஒருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு நூல் வியாபாரி தன் பழைய கிடங்கைப் பள்ளிக்கூடம் ஆக்கியிருந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. நீ மெட்ராசில் ஒரு வருஷம் இதற்கென்றே படித்துவிட்டு வந்திருந்தாய். நான் என் மாமா அந்த வியாபாரிக்குப் பழக்கம் என்ற ஒரே தகுதியில் வந்திருந்தேன். பதினொரு பிள்ளைகள். பேச்சு வராதவர்கள், நடை பிந்தியவர்கள், என்னவென்று நமக்குப் புரியாத எதற்கோ சிரித்துக்கொண்டே இருப்பவர்கள். ஊர் அதற்கு மக்குப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்தது. நம்மையும் சேர்த்துச் சொல்கிறார்களே என்று நான் புலம்புவேன். உன் விஷயத்தில் அவர்கள் சொல்வது சரிதான் என்பாய்.

தலைக்குமேல் தகரக் கூரை. சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. காலையில் தறி ஓட ஆரம்பித்தால் கரும்பலகையே ஆடும். அந்தச் சத்தத்துக்குள்தான் பாவாயி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு. பொத்திய கை இறங்காது. பிறகு பென்சிலை எந்தக் கையில் கொடுப்பது? ஒருநாள் நான் பெரிய வாத்தியார் மாதிரி அவள் கையைப் பிடித்து இழுத்தேன். மணிக்கட்டில் கடித்துவிட்டாள். நீ என் காயத்தைத் திரும்பியும் பார்க்காமல் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாய். அப்புறம்தான் என்னிடம் வந்தாய்.

"கையப் புடிக்காத மாப்ள. சுண்டுவெரல நீட்டிக்கிட்டு சும்மா நில்லு. புடிக்கறதா வேண்டாமான்னு அவிய முடிவு பண்ணட்டும்."

அடுத்த வாரம் பதினொரு பேரையும் கிளப்பிக்கொண்டு ஏரிக்கரை வழியாகக் கரட்டடிக்குப் போனோம். பாறைக் கரடு, அதன் அடியில் யாருக்கும் வேண்டாத ஒரு காடு. ஊஞ்ச மரமும் வேம்பும் வேலமும். அரப்பு என்பது ஊஞ்ச மரத்து இலைதானே, அதையே நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நடுவழியில், ஏரிக்கரை வளைவில் தறிச்சத்தம் நின்ற இடத்தில், பாவாயியின் கை காதிலிருந்து தானாக இறங்கியது. நான் பார்க்கவில்லை. நான் அப்போது யாரோ ஒருவரின் இரண்டாம் தாரத்தைப் பற்றி உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ என் தோளைத் தட்டிப் பேச்சை நிறுத்தினாய்.

அதற்குப் பிறகு நம் பள்ளிக்கூடம் அங்கேதான் நடந்தது. ஆளுக்கொரு மரம். வந்ததும் அவரவர் மரத்தைத் தொட்டுவிட வேண்டும், அதுதான் வருகைப்பதிவு. நடக்க வராதவர்களை மரத்தடிக்குத் தூக்கிப்போவது என் வேலை, என் இடுப்பு இன்றும் அதற்குச் சாட்சி. செம்போத்து கூவினால் பேச்சு வராதவர்கள் பதில் கூவினார்கள். பாவாயிக்கு நீ அரப்பு உருவக் கற்றுக்கொடுத்தாய். கற்றுக்கொடுத்தாய் என்பதுகூடத் தப்பு. அவள் பக்கத்தில் நின்று நீ பாட்டுக்கு உருவிக்கொண்டிருந்தாய். காம்பின் அடியில் விரலை வைத்து நுனிவரை இழுத்தால் பொடி இலையெல்லாம் உள்ளங்கையில் வந்து நிற்கும். எத்தனையோ காலமாக மூடியும் பொத்தியும் இருந்த விரல்கள் மூன்றாம் வாரம் விரிந்து அந்த இலையை அள்ளின. முகர்ந்து பார்த்தாள். பிறகு என் தலைமேல் கொட்டினாள். அன்றைக்கு எனக்கு முடி இருந்தது.

இனி அந்தச் சங்கதிக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சலூனில் உட்கார்ந்திருந்தேன். காத்திருந்த நாலைந்து பேரும் சிரிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. எங்கள் பிள்ளைகள் ஒரு மணி நேரம் உருவினால் ராசிபுரமே தலை முழுகலாம், கூடிய சீக்கிரம் வாத்தியார்கள் இரண்டு பேரும் அரப்பு மண்டி வைத்துவிடப் போகிறோம் என்றேன். கத்திரியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நான் பூரித்துப் போனேன். புதன்கிழமைக்குள் அந்தச் சிரிப்பெல்லாம் உதிர்ந்து வெறும் செய்தியாகிவிட்டது. மக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் பிள்ளைகளைக் காட்டுக்குள் ஓட்டிப்போய் அரப்பு உருவவைத்துச் சேலத்துக்கு ஏற்றுகிறார்கள் என்று.

வியாழக்கிழமை பாவாயியின் அப்பா நேராகக் கரட்டடிக்கே வந்தார். வெண்ணந்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த மனுஷர், அதிர்ந்து பேசாதவர். அவர் வந்த நேரம் அவள் மடி நிறைய இலை. சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு உன்னிடம்தான் கேட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, படிப்பு வராதுன்னு தெரிஞ்சுதானுங்க கொண்டாந்து உட்டேன். கூலிக்கு ஆவட்டும்னு நீங்களா முடிவு பண்ணீட்டீங்களாக்கு?"

நீ ஏதோ சொல்ல வந்தாய். அவர் கேட்கவில்லை. "வா சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இலையெல்லாம் கொட்டியது. கரை ஏறும்போதே அவள் கை இரண்டும் காதுக்குப் போய்விட்டன. தறிச்சத்தம் கேட்காத இடத்திலேயே போய்விட்டன, மாப்ளே. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொன்னவன் நான்தான் என்று அந்த நிமிஷம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

நூல் வியாபாரி, பேர் கெட்டுவிடும் என்று காட்டு வகுப்பை நிறுத்தினார். மிச்சம் பத்துப் பேரும் தகரத்தின் கீழே திரும்பி வந்தார்கள். வருகைப்பதிவு எடுக்கும்போது ஒருவன் எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டுவிட்டு வருவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு பாவாயி அப்பாவின் தோட்டத்துக்குக் கிளம்பினாய். பின்னால் நான். "யாரு கெளப்பி உட்டாங்களோ," என்றேன் ஒருமுறை, ஒன்றும் தெரியாதவன் போல. "எதிர்காத்து அடிக்குது, எறங்கி நட," என்றாய். அவ்வளவுதான் உன் பதில். அவர் நம்மை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வெயிலில் வந்த எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுப்பார். உனக்குக் கொடுக்க மாட்டார். சைக்கிள் மிதித்தவன் நீ, மோர் குடித்தவன் நான். ஆளைப் பார்த்துத்தான் மோர் வரும் மாப்ளே என்று திரும்பும் வழியெல்லாம் பீற்றிக்கொண்டேன். நீ சிரித்துக்கொண்டே மிதித்தாய்.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, அவர் வரப்பில் ஒரு ஊஞ்ச மரம் நிற்பதைப் பார்த்தாய். யாரையும் கேட்காமல் போய் உருவ ஆரம்பித்தாய். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள், காதைப் பொத்தியபடி. நீ அவளைப் பார்க்காமல் சுண்டுவிரலை மட்டும் நீட்டினாய். எவ்வளவு நேரம் நின்றாய் என்று எனக்குத் தெரியாது. என் கால் மரத்துப்போனது தெரியும். ஒரு கை காதைவிட்டு இறங்கி உன் விரலைப் பிடித்தது.

கிணற்று மேட்டிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முதல் சொம்பு மோர் உனக்கு வந்தது. "பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டேனுங்க," என்றார். "நீங்க வாரதுன்னா வாங்க."

நீ போனாய். பள்ளிக்கூடத்தையே மூடிய பிறகும், நாமக்கல்லில் உனக்கு வேறு வேலை கிடைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனாய். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லி மூன்று சம்பந்தம் தட்டிப்போனது உனக்கு. எனக்குக் கல்யாணம் ஆனது, நான் போவது நின்றுவிட்டது. பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதி நாலு பேரைச் சிரிக்கவைக்கிறவன் என்று பெயர் வாங்கினேன்.

உன்னைக் கிடத்தியிருந்த அன்று வாசலில் எண்ணெயும் அரப்பும் வைத்த தட்டு வந்தது. உறவுக்காரர்கள் வரிசையாக வந்து உன் தலையில் வைத்தார்கள். பாவாயியும் வந்திருந்தாள், அப்பாவோடு. அவளுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. மடியில் இலை, தூளாக்காத பச்சை இலை. வாசலில் பறை அதிர்ந்தது. அவள் கை இரண்டும் காதுக்குப் போக, இலை காலடியில் கொட்டிவிட்டது. யாரோ ஒரு அம்மாள் அவளைப் பிடித்து நகர்த்தப் போனாள். நான் குறுக்கே போய் நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை, சுண்டுவிரலை நீட்டினேன். வரிசை நின்றது. பின்னால் முணுமுணுத்தார்கள். ரொம்ப நேரம் கழித்து அந்த விரலில் ஒரு கை வந்து மாட்டியது. இரண்டு பேருமாகக் கீழே கிடந்த இலையைப் பொறுக்கி உன் தலையில் வைத்தோம். அப்போது உன் காதில் சொல்லிவிடலாம் என்று குனிந்தேன். சுற்றிலும் ஆட்கள். எனக்கு அன்றைக்கும் வாய் வரவில்லை.

அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் பிடித்து அவர்கள் தோட்டத்துக்குப் போகிறேன். போன வாரம் பாவாயியின் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், சலூனில் அப்படிப் பேசியவன் நான்தான் என்று. அவர் காது கொஞ்சம் மந்தம், இரண்டு தரம் சொல்லவேண்டியதாயிற்று. கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார்.

"அது எப்படிங்க? உங்க கூட்டாளி தானுங்க சொன்னாப்ல. மொத ஞாயித்துக்கெழமையே நீங்க கெணத்தாண்ட கை கழுவப் போயிருந்தப்ப எங்கிட்ட வந்து, வெளையாட்டுக்குப் பேசுனது நாந்தானுங்கன்னு கைய எடுத்துக் கும்புட்டாரு."

மாப்ளே, அந்த ஆறேழு வாரமும் நான் குடித்தது உன் மோர்.

கிளம்பும்போது பாவாயி உனக்குக் கட்டிக்கொடுத்தது போலவே ஒரு பை நிறைய இலையை என்னிடம் நீட்டுகிறாள். தலையைப் பார்த்தா அவள் கொடுக்கிறாள்? வாங்கிக்கொள்கிறேன். பஸ் ஏறும்வரை கூடவே நடந்து வருவாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு நான் நடக்கிறேன். சில வாரம் பிடிக்கிறாள். சில வாரம் பிடிப்பதில்லை.