பலகையில் பதினோராவது வரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே வீடு முழுக்க கிரீஸ் வாடை, குளியலறைச் சோப்புகூடக் கறுத்துவிட்டது.

போன ஞாயிறு ஆறு மணி நேரப் பந்தயம் நடந்தது. நம் டிராக்குக்கு அறுபதாவது வருடம் என்பதால் பழைய கார்களாக வந்து குவிந்தன. நான் வழக்கம்போல டிராக் மாடி அறையில் கார்களின் சுற்று எண்ண உட்கார்ந்தேன், ஆனால் எண்ணிக்கையில் மனம் நிற்கவில்லை. போன வருடம் கியர்பாக்ஸ் உடைந்து அப்பா பாதியில் நின்றதும், நீ பூட்டியது சரியில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னதும், நீ ஸ்பேனரை வைத்துவிட்டு அவ்வளவு தூரம் போனதும்தான் கண்ணுக்குள் நின்றது. ஏனென்றால் இந்த முறையும் அதே கியர்பாக்ஸ். உடைந்த இரண்டு பல்சக்கரங்களை மாற்றிவிட்டு, மீதியை உன் நோட்டைப் பார்த்து அப்படியே பூட்டியிருந்தார். முடிய இருபது நிமிடம் இருக்கும்போது ரேடியேட்டர் ஒழுகி ஆவி கிளம்பியது. நேரம் முடிந்தபிறகு முடிவுக் கோட்டைத் தாண்டினால்தானே பந்தயத்தை முடித்ததாக அர்த்தம், அதனால் மனிதர் கோட்டுக்கு முன்னால் ஓரங்கட்டி, இன்ஜின் வெந்துபோகாமல் அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் பென்சிலைக் கடித்தே பாதியாக்கினேன். கொடி ஆடியதும் கிளப்பினார், முதல் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்ததாம், ஊர்ந்து தாண்டினார். பதினோராவது இடம், அதாவது கடைசி.

முடித்தவர்கள் பலகையில் ஓட்டியவர் பெயரோடு காரைப் பூட்டியவர் பெயரையும் எழுதுவார்கள் அல்லவா, பெயின்டர் வந்து கேட்டார். அப்பா, "என் பொண்ணு பேரைப் போடுப்பா. போன வருஷம் எண்ணெயை மாத்தி ஊத்துனவன் நான்தான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரத்தில் கியர் எண்ணெய்க்குப் பதிலாக மெல்லிய இன்ஜின் எண்ணெயை ஊற்றியிருக்கிறார், பல்சக்கரம் உடைந்தது அதனால்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் பெட்டியைப் பிரித்தபோதே தெரிந்திருக்கிறது, அன்றுவரை வாயைத் திறக்கவில்லை, அழுத்தக்காரர். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. உன் வேலையில் ஒரு குறையும் இல்லையடி, இனிமேலாவது அங்கே ஒரு பட்டறையில் சேர்ந்துகொள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்தது கைகூட வேண்டும். அடுத்த மாதம் முதல் ஞாயிறு அப்பா உனக்குப் போன் செய்வார். எடுத்ததும் முதலில் இருமிக்கொண்டே இருப்பார். வைத்துவிடாதே.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்,
அம்மா