வண்டி நகர்ந்தால் படம் நின்றுவிடும்

தை 9, வியாழன்

காலையில் பனி. எதிரே வருகிற மாடு தெரியவில்லை. அம்பாசிடரைக் கழுவினேன்.

தம்பி குமரேசன் ஷார்ஜாவிலிருந்து வந்து பதினோரு நாள். தஞ்சாவூரில் புதுக் கார் எடுத்துவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறான். வெள்ளை. ஸ்டியரிங் பக்கத்தில் டிவி. சிடி போட்டால் படம். தெருவே எட்டிப் பார்க்கிறது. இந்த வட்டாரத்தில் காரில் முதல் முதல் ரேடியோ வைத்தவன் நான். மன்னார்குடியிலிருந்து ஆட்கள் பஸ் பிடித்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அதைச் சொல்ல ஒரு நாதி இல்லை.

ஞாயிறு, தங்கச்சி வசந்தா மகள் செல்விக்குக் கல்யாணம், நீடாமங்கலத்தில். பெண்ணைத் தாய்மாமன் மண்டபத்துக்கு அழைத்துப்போய்க் கைபிடித்து இறக்க வேண்டும். மூத்தவன் நான். ஆக, என் வண்டி.

வசந்தா கேட்கிறாள்: "ஏண்ணே, புதுக் கார் இருக்கையில..." பாதியில் விழுங்கிவிட்டாள். எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. மூன்று தோசைதான்.

தை 10, வெள்ளி

பனி குறைவு. மனதுக்கு நல்ல நாள்.

தம்பியோடு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். வண்டி நகர்ந்ததும் டிவியில் படம் போய்விட்டது! ஏதோ இங்கிலீஷ் எழுத்து மட்டும்.

"என்னடா இது?"

"அப்படித்தாண்ணே வச்சிருக்கான். ஓட்டுறவன் படம் பாத்தா வயல்ல இறக்கிடுவான்ல."

"நான்லாம் படம் பாத்துக்கிட்டே கொல்லிமலை ஏறுவேன்."

"ஏறுவீங்க, ஏறுவீங்க."

டீக்கடையில் பத்துப் பேரிடம் சொன்னேன். கடைக்காரர் சீனு: "நின்னு பாக்குறதுக்கு எங்க வீட்லயே டிவி இருக்கே!" இன்னொரு டீ குடித்தேன்.

சாயங்காலம் செல்வியே வந்தாள். "பெரிய மாமா, கோச்சுக்காதீங்க. சின்ன மாமா கார்ல போறேன். ஏசி. வேர்த்தா மேக்கப் கலைஞ்சிரும்."

"அதுக்கென்னம்மா" என்றேன். கொல்லைப்புறம் போய் அம்பாசிடர் டயரை உதைத்தேன். பெருவிரல் வீக்கம்.

தை 11, சனி

தம்பி வந்தான். "அண்ணே, நாளைக்கு நீங்களே ஓட்டிடுங்க. அங்க ஸ்டியரிங் இடது பக்கம். இங்க எதிர்ல லாரி வந்தா கை தப்பாப் போவுது. ஆத்தங்கரை ரோடு வேற."

வயிறு குளிர்ந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை.

சாவியை வாங்கி, நிற்கிற காரில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். ரகசியம் பிடிபட்டது. ஹேண்ட்பிரேக் மேலே இருந்தால்தான் படம் வருகிறது. கொஞ்சம் மட்டும் இழுத்து வைத்தால்? படமும் ஓடும், வண்டியும் ஓடும். கம்பெனிக்காரனுக்கே தோன்றாதது. தம்பியிடம் மூச்சு விடவில்லை. அவன் காரில் அவனால் முடியாததை நான் செய்து காட்ட வேண்டும், செல்வி பார்க்க.

தை 12, ஞாயிறு. மத்தியானம், மண்டபத்துப் பின்கட்டில்

பக்கத்தில் தம்பி, பின்னால் செல்வியும் வசந்தாவும். ஹேண்ட்பிரேக்கை ஒரு பல் இழுத்தேன். ஓடுகிற வண்டியில் படம்! தம்பிக்கு வாய் மூடவில்லை. வேகத்தடையில் விட்டு விட்டு வந்தது. மூன்று பல் ஆக்கினேன்.

அவன் போட்டிருந்தது செல்வி சடங்கு சிடி. படத்தில் நான் மாலை போடுகிறேன். மீசை கறுப்பு.

"பெரிய மாமா, ஹீரோ மாதிரி!" என்றாள் செல்வி.

தம்பி திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. "இதை ஷார்ஜா ரூம்ல எத்தனை தடவை போட்டிருப்பேன் தெரியுமாண்ணே? மாலை போடுற இடம் வந்தா எந்திரிச்சுப் போயிடுவேன். நானும் மாமன்தானே."

என்னைப் பார்த்து இவனுக்கு வயிற்றெரிச்சல்! இத்தனை வருஷமாக!

அப்புறம்தான் தீய்ந்த வாசம். வசந்தா கத்தினாள்: "அண்ணே, பின்னாடி புகை!" ரோட்டில் காயப்போட்ட வைக்கோல் மேல் ஏறாமல் ஓரம் கட்டினேன். பின்சக்கரத்தைத் தொட முடியவில்லை. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி.

"என்னண்ணே பண்ணீங்க?"

சொன்னேன். வேறு வழி இல்லை. திட்டுவான் என்று பார்த்தால், தலையில் கைவைத்துச் சிரிக்கிறான். "படம் காட்டப் போயி பொண்ண எரிச்சிருப்பீங்க."

இருபது நிமிஷம் ஆறவிட்டோம். ஹேண்ட்பிரேக்கை முழுக்க இறக்கினேன். படம் போனது. உருட்டிக்கொண்டே வந்து சேர்த்தேன்.

மண்டப வாசலில் மேளம். கூட்டம். நான் இறங்கிக் கதவைத் திறந்தேன். செல்வி கையை நீட்டினாள், என்னிடம்தான்.

"டேய் குமரேசா, நீ இறக்கு."

சொன்ன நிமிஷமே வயிறு எரிந்தது. அவன் கையை வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினான். செல்வி இறங்கினாள். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

வீடியோக்காரர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். நகரவில்லை. கதவைப் பிடித்த கை வரைக்குமாவது படத்தில் வந்திருக்கும்.