பின்வாசலிலிருந்து கிணற்றடிக்கு

கல்லிடைக்குறிச்சி
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் பாலசுப்பிரமணியனுக்கு அம்மா எழுதுவது. நீயும் வேணியும் மெல்போர்னில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எங்களுக்குச் சோறு இறங்குகிறது, நெல்லையப்பர் புண்ணியத்தில் மழையும் தொடங்கிவிட்டது. தினம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், இதை அவர் இல்லாமல்தான் சொல்ல வேண்டும். கடைசிவரை படி, நடுவில் போனை எடுக்காதே.

முதலில் நீ செய்துவைத்திருக்கிற தோட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு கரித்துக்கொண்டே இருக்கும். தை மாதம் அப்பாவின் எழுபதுக்கு வருகிறவர்கள் முன்னால் வீடு லட்சணமாக இருக்க வேண்டும் என்று அங்கிருந்தபடியே தோட்டம் போட்டுக் கொடுக்கிற அந்தத் தேவமணியை ஏற்பாடு செய்தாய். நான் சுகிர்தா சித்தி மகளின் பேறுகாலத்துக்குக் களக்காடு போயிருந்த நேரம் பார்த்து அவன் வேலையை முடித்துவிட்டான். அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நீதான் சொல்லாமல் வைத்தாயாம். எனக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, அருவருப்பு. கறிவேப்பிலை, நாரத்தை, கழுநீர் குடித்து வளர்ந்த வாழை, நந்தியாவட்டை, கிணற்றடி வில்வம், ஒன்று மிச்சமில்லை, பின்வாசலிலிருந்து மதில் வரைக்கும் பிளாஸ்டிக் புல். மூலைக்கு ஒரு தொட்டியில் ஈச்சை மாதிரி ஏதோ ஒன்று, பூக்காது, காய்க்காது, ஒரு காக்காய்க்கு உட்கார இடம் தராது. நடுவில் ஒரு சிமெண்டுத் தவளை வாயிலிருந்து தண்ணீர் துப்புகிறது, சாப்பிட உட்கார்ந்தால் எவனோ கொப்பளித்துத் துப்புகிற சத்தம்தான் காதில் விழுகிறது. அந்தத் தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறது. பக்கத்து வீட்டுப் பூனைகள் புல்லைக் கக்கூஸாக வைத்துக்கொண்டன. மண்ணாக இருந்தால் தோண்டி மூடிவிட்டுப் போகும், பிளாஸ்டிக்கை எங்கே போய்த் தோண்டும். வெயில் ஏறினால் மூத்திர வாடையும் பிளாஸ்டிக் வாடையும் சேர்ந்து அடுக்களை வரைக்கும் வந்து குமட்டும். இதைத்தான் உன் ஐயம்பெருமாள் சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, அண்ணாச்சி வீடு சினிமாவுல வாற பங்களா மாதிரில்லா இருக்கு என்று தவளையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். சிவபூசை செய்கிற வீட்டில் வில்வத்தை வெட்ட எப்படிக் கை வந்தது என்று தேவமணியைப் போனில் கேட்டேன். முள்ளு இருக்கும்லாம்மா, வாற விருந்தாளிகளுக்குக் குத்திரும்லா என்றான். அந்த முள் எதற்கு உதவியது என்று அவனுக்கு எப்படித் தெரியும், உனக்கே தெரியாதே. உன் அப்பாவுக்குக் கண் தெரியவில்லை பாலு.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போயிற்று. நீ போன தடவை வந்துபோனபோதே மங்கல்தான், அதற்குப் பிறகு மளமளவென்று போய்விட்டது. திருநெல்வேலியில் பெரிய டாக்டரிடம் காட்டினோம், போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார். இப்போது வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும். உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அவன் வேலைய விட்டுட்டு ஓடி வருவான், வந்து என்ன செய்யப் போறான் என்றார். நீ வீடியோவில் வரும்போது அவர் முகத்தைப் போன் பக்கம் திருப்பி வைப்பது நான்தான். ஆனாலும் வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் அவருக்கு யார் துணையும் வேண்டியிருக்கவில்லை. பின்வாசல் படி இறங்கியதும் கறிவேப்பிலையில் கை வைப்பார், அங்கிருந்து நாரத்தை இலையைக் கசக்கி மோந்து பார்த்துத் திரும்புவார், வாழை மட்டை தோளில் இடிக்கும், வில்வ முள் விரலில் பட்டதும் கிணறு வந்துவிட்டது என்று நிற்பார். குளித்துவிட்டுப் பூசைக்குப் பூவும் வில்வமும் அவர் கையாலேயே தடவித் தடவிப் பறிப்பார். நான் பறித்துத் தருகிறேன் என்றால் கோபம் வந்துவிடும்.

மரத்தை வெட்டப் போகிறேன் என்று தேவமணி வந்து நின்றபோது அப்பா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று நீ கேட்பாய், கேட்டால் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளை ஆசப்படுதான், செய்யட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாராம், வீட்டு வேலைக்கு வருகிற முத்துராணி சொன்னாள். கேட்டதும் எனக்கு அவர் மேலேயே வெறுப்பு வந்தது. என்ன வீம்பு இது. தோட்டம் எப்படிப்பா இருக்கு என்று நீ வீடியோவில் கேட்டாய் அல்லவா, பச்சப்பசேல்னு இருக்குலே, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு என்றார். நீ பூரித்துப் போனாய். எனக்குப் போனைத் தூக்கி அந்தத் தவளையின் வாயில் போட வேண்டும் போல இருந்தது.

வேலை நடந்த நாட்களில் பின்பக்கமே போகாதவர், நான் களக்காட்டிலிருந்து வந்த மறுநாள் காலையில் வழக்கம்போலப் படி இறங்கினார். கையை நீட்டினார், ஒன்றும் தட்டுப்படவில்லை. நாலடி எடுத்து வைத்து நின்றுவிட்டார். அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், எப்படியும் கிணற்றைக் கண்டுபிடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கோமு, நான் எங்கன நிக்கேன் என்று பைய ஒரு குரல் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் வலது காலில் பூனை கழித்தது அப்பியிருந்தது. வாடை அவருக்கும் தெரியும். அப்படியே உட்காரவைத்துக் கழுவிவிட்டேன். அன்றிலிருந்து குளியல் வீட்டுக்குள்தான், பூசை கிடையாது. கடைப் பூ வாங்கிக் கொடுத்தேன், மோந்து பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டார். பகல் முழுக்கச் சுவரைப் பார்க்கப் படுத்திருந்தார்.

அதனால் உன் புல்லை உரித்துச் சுருட்டி மதிலுக்கு வெளியே போட்டாயிற்று, உன்னிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அடியில் மண் வெளுத்துப் புழுங்கி நாறிக் கிடந்தது. தவளையையும் உடைக்கச் சொல்லிவிட்டேன். இனிப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும் என்று பின்வாசலிலிருந்து கிணறு வரைக்கும் கயிறு கட்டினேன். மாட்டைக் கட்டுத மாதிரி கட்டுதியா என்று அறுக்கச் சொல்லிவிட்டார். சரி, அப்படியானால் மறுபடி எந்த மரத்தை எங்கே வைக்க என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். பின்வாசலை ஒட்டிக் கறிவேப்பிலை, திருப்பத்தில் நாரத்தை, அதற்கும் கிணற்றுக்கும் நடுவில் பவழமல்லி, விடியற்காலம் பூ உதிர்ந்து கிடந்தால் காலுக்கும் தெரியும் மூக்குக்கும் தெரியும் என்கிறார். வில்வம் பழைய இடத்திலேயே. இதெல்லாம் வளர்ந்து நான் எப்பத் தொட என்றும் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இப்போதைக்கு ஒரு வாழையும் அகத்தியும் வைப்போம், அவை சீக்கிரம் தலை தூக்கிவிடும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அம்பாசமுத்திரத்துச் சந்தையில் கன்று வாங்கி வந்தேன். குழி தோண்டும்போது கூடவே நின்றார், ஒவ்வொரு கன்றையும் தொட்டுப் பார்த்து, இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கம், இன்னுங் கொஞ்சம் என்று எல்லாரையும் வதைத்துவிட்டார்.

உன் மேல் எனக்கு இருக்கிற கசப்பு இன்னும் போகவில்லை, அது போகிறபோது போகட்டும். அங்கேயும் மழை என்று சொன்னாய், வேணியை நனையாமல் போய்வரச் சொல். நீயும் கண்ணைக் காட்டிக்கொள், இது வழிவழியாக வரும் என்று டாக்டர் சொன்னார். காந்திமதி அம்மன் உங்கள் இரண்டு பேரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். படித்த உடனே அவருக்குப் போன் போட்டுக் கண்ணைப் பற்றிக் கேட்காதே, வாழை குருத்து விட்டதா என்று கேள், சொல்லுவார். தைக்கு வந்தால் உன் செருப்பைப் பின்வாசல் வழியில் கழற்றிப் போடாதே. காலையில் அவர் படி இறங்கும்போது கையைப் பிடிக்கப் போகாதே, பின்னால் தள்ளியே நட. அழுகை வந்தால் தெருவுக்குப் போய்விடு, அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோமு