துரைக்குப் பின் யார்

1966 ஜூலை 19, செவ்வாய்

ஆடிக் காற்று. வீடு முழுக்க ஆற்று மணல். இன்று வாழை மண்டிக்குப் போகவில்லை.

எனக்கு நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவிட வேண்டும். என் ஒரே மகன் துரைராஜ், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டுவிட்டான். இப்போது அல்ல, இரண்டு வருஷத்துக்கு முன்பே. அவனுக்கு இரண்டும் பெண். செல்விக்கு எட்டு வயது, கலாவுக்கு மூன்று. மூன்றாவது பையன்தான் என்று நான் காந்தி மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

தெரிந்த விதம். ஞாயிறு காலை துரையோடு மன்னார்புரம் ஆபீஸில் வேலை செய்யும் அந்தோணி வீட்டுக்கு வந்தான். துரை குளித்துக்கொண்டிருந்தான். காபி கொடுக்கச் சொல்லிவிட்டு நான் பேச்சுக் கொடுத்தேன்.

“ஐயா, புதன்கிழமை எங்க ஆபீஸ்ல கூட்டம். சுகாதார இலாகாவுலேர்ந்து ஒரு அம்மா வராங்க. துரை சார் தன்னோட அனுபவத்தைப் பேசணும்னு எல்லாரும் சொல்றாங்க.”

“என்ன அனுபவம்?”

“ஆபரேஷன் அனுபவந்தாங்க. ஆபீஸ்ல முதல்ல செஞ்சுக்கிட்டவரு உங்க மகன்தானே. தைரியசாலி.”

அதன் பிறகு என் முகத்தைப் பார்த்தான். பாதிக் காபியை வைத்துவிட்டு, போயிட்டு வரேங்க என்று செருப்பை மாட்டிக்கொண்டான்.

துரை தலை துவட்டிக்கொண்டு வந்தான். “அந்தோணி குரல் கேட்டுச்சே?”

“வந்தான். உன் தைரியத்தைப் பத்திச் சொல்லிட்டுப் போனான்.”

துண்டு தலையிலேயே நின்றது. மறுக்கவில்லை. பொய் சொல்ல அவனுக்குத் தெரியாது. சொல்லாமல் இருக்கத் தெரியும்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று. ஒரு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் உறையூர் வைத்தியரிடம் போய் மருமகள் சரோஜாவுக்குக் கஷாயப் பொடி வாங்கி வருகிறேன். கர்ப்பப்பையில் சூடு என்றார் வைத்தியர். சூடாவது ஒன்றாவது. அவளும் குடித்தாள். முகம் சுளிக்காமல்.

ஞாயிறு முதல் வீட்டில் சாப்பாடு இல்லை. நான் சாப்பிடுவதில்லை என்று அர்த்தம். அவர்கள் சாப்பிடுகிறார்கள்.

கேள்வி ஒன்றுதான். எனக்குக் கொள்ளி வைக்கத் துரை இருக்கிறான். துரைக்கு யார்?

ஜூலை 20, புதன்

காற்று குறையவில்லை. மண்டியில் பூவன் லாரி தாமதம். வந்ததில் பாதி அடிபட்ட தார்.

தராசு பிடிக்கும் வடிவேலுவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“இதுக்கு ஏண்ணே இடிஞ்சு போயி உக்காந்துட்டீங்க? தம்பிக்கு இன்னொரு பொண்ணைக் கட்டி வச்சா ஆச்சு.”

முட்டாள். பூட்டு துரையிடம் இருக்கிறது. சாவியை மாற்றி என்ன செய்ய? அதோடு சர்க்கார் வேலை. இரண்டாம் கல்யாணம் என்றால் வேலை போய்விடும். சட்டம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேப்பர் படிப்பவனுக்குத் தெரியும், வடிவேலுவுக்கு எப்படித் தெரியும்.

பகல் சாப்பாடு சத்திரம் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ஹோட்டலில். சாம்பாரில் பருப்பு தேட வேண்டியிருந்தது. பாதிச் சாப்பாட்டில் துரை வந்து எதிரே உட்கார்ந்தான். வடிவேலு இடம் சொல்லியிருக்கிறான்.

“கூட்டத்துல பேசிட்டியா?”

“பேசல. வயித்து வலின்னு லீவு போட்டுட்டேன்.”

“ஏன், நல்ல விஷயம்தானே? மைக் வச்சுச் சொல்லிக் கொடுக்கலாமே.”

“அப்பா, வீட்டுக்கு வாங்க. செல்வி கேக்குது, தாத்தா ஏன் நம்மகூட சாப்பிடலன்னு.”

“சொல்லு. உனக்குச் சொல்லாம இருக்கத் தெரியுமே, சொல்லவும் பழகு.”

வீட்டுக்குத் திரும்ப ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஒரு இடம்தான் இருந்தது. எனக்காகப் பிடித்து வைத்தான். நான் உட்காரவில்லை. கூடைக்காரி ஒருத்தி உட்கார்ந்துகொண்டாள். இருவரும் பாலம் முழுக்க நின்றுகொண்டே வந்தோம். காவிரியில் புதுத் தண்ணீர், செம்மண் நிறம்.

ஜூலை 22, வெள்ளி

வைத்தியரிடம் போகவில்லை. தில்லை நகரில் புதிதாகக் கிளினிக் போட்டிருக்கும் டாக்டரிடம் போனேன். எனக்கு நோய் என்று சொல்லித்தான் உள்ளே போக முடிந்தது. முதுகில் குழாயை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“அறுத்ததைத் திரும்ப ஒட்ட முடியுமா?”

“சில பேருக்கு முடியும் பெரியவரே. உறுதி சொல்ல முடியாது. மெட்ராஸ் போகணும். முதல்ல அவர் வரணும்.”

“நான் அவனோட அப்பா. நான் சொல்றேன், செய்யுங்க.”

“கையெழுத்து அவர்தான் போடணும்.”

“அவனைப் பெத்தவன் நான்.”

“ஆமாங்க. ஆனா படுக்கப் போறது அவருதானே.”

சிரிக்காமல் சொன்னார். நான் விடவில்லை. முதலில் செய்தபோது யாரைக் கேட்டுச் செய்தார்கள் என்றேன். அவர் சம்சாரம் கையெழுத்துப் போட்டிருப்பாங்களே என்றார்.

ஆக, சரோஜாவின் கையெழுத்தும் இருக்கிறது. கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஒரு வருஷம் என் கஷாயத்தைக் குடித்திருக்கிறாள்.

கிளினிக் சுவரில் ஒரு நோட்டீஸ். அளவான குடும்பம் பற்றி. இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன், வாழைத்தார் சுற்றி வந்த பழைய பேப்பரில் படிக்கக் கற்றவன், எதையும் இரண்டு தடவை படிப்பேன். படத்தில் ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு பையன், ஒரு பெண். படத்தில் இருப்பவனுக்குப் பையன் இருக்கிறான்.

பி.ஏ. படிக்க வைத்தேன் துரையை. படித்துவிட்டால் அப்பனைக் கேட்க வேண்டியதில்லை என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது?

ஜூலை 24, ஞாயிறு

ரேஷன் அரிசி. காலையிலேயே வரிசை. துரை தனியாகப் போகிறேன் என்றான். நானும் போனேன். வீட்டில் பேசினால் குழந்தைகள் காதில் விழும்.

வரிசையில் நின்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மெட்ராஸுக்குப் போ, நானும் வருகிறேன் என்றேன்.

“வேண்டாம்பா.”

“கேட்டுப் பார்க்கிறதுக்குக் கூடவா?”

“இந்த வரிசையைப் பாருங்க. ரூபாய் மதிப்பைக் குறைச்சதுலேர்ந்து எல்லாம் ஏறுது. ரெண்டு பேருக்கே ஸ்கூல், துணி, மருந்துன்னு முழி பிதுங்குது. உங்க காலத்துல அஞ்சு பேரு இருந்தா அஞ்சு பேரும் வயல்ல எறங்குனாங்க. இப்ப அஞ்சு பேரு இருந்தா அஞ்சு பேருக்கும் சீட்டுக்கு அலையணும்.”

“அரிசிக்காகவா என் பேரனை நிறுத்தின?”

முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா, மெதுவா.”

“ஆபீஸ் பூரா தெரியும். நான் மெதுவா பேசணுமா?”

அந்த அம்மாள் இப்போது முழுக்கத் திரும்பிக்கொண்டாள். “விடுங்க பெரியவரே. எனக்கு ஆறு. ஒண்ணாவது வந்து இந்தப் பையைத் தூக்குதா பாருங்க.”

வரிசையில் சிரிப்பு. துரையும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரிசியில் கல். பையின் ஒரு காதை அவனும் ஒரு காதை நானும் பிடித்துக்கொண்டு வந்தோம். தெருவில் யாரும் இல்லாத இடத்தில் கேட்டேன். “அரிசி, ஸ்கூல் எல்லாம் சரி. எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?”

“விட்டிருக்க மாட்டேன்.”

“அதான்.”

பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தான். பிறகு அவனாகவே சொன்னான்.

“கலா பொறந்தப்ப டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. இன்னொண்ணு வந்தா சரோஜாவுக்கு நான் பொறுப்பில்லன்னுட்டாங்க.”

“டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க.”

“அம்மாவை யாரும் பயமுறுத்தலையே.”

பையைக் கீழே வைத்தேன். அவன் அம்மா ஏழாவது பிரசவத்தில் போனாள். ஏழில் தங்கியது இவன் ஒருவன். அப்போது இவனுக்குப் பதினோரு வயது.

“நான் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். வெந்நீர் வேணும்னாங்க. தூக்கிட்டுப் போனேன். இனிமே வேண்டாம்னுட்டாங்க.”

இதை இவன் இதுவரை சொன்னதில்லை. விதி என்றேன். அந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் நடந்தது. அதை என் தலையில் போடுகிறாயா என்று கேட்டேன்.

“உங்க மேல போடல. ஏன் சொல்லலன்னு கேட்டீங்க. சொன்னேன்.”

பையைத் தூக்கிக்கொண்டான். என் பக்கத்துக் காதையும் அவனே பிடித்துக்கொண்டான்.

இரவு வெறும் மோர். ஹோட்டலுக்குப் போகத் தெம்பில்லை. அவன் சொன்னது வேறு, நான் கேட்பது வேறு. என் கேள்விக்கு இதில் பதில் இல்லை.

ஜூலை 26, செவ்வாய்

தூற்றல் போல வந்து ஏமாற்றியது. பின்கட்டில் இரண்டு ஓடு காற்றுக்கு நழுவிவிட்டன.

கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். துரை ஆபீஸ் போய்விட்டான். சரோஜா வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். பார்க்காதவன் போல் இறைத்தேன். அண்டா நிரம்பி வழிந்தது. பிறகும் இறைத்தேன்.

“மாமா, அவர் மேல கோபம் வேண்டாம். செஞ்சுக்கச் சொன்னதே நான்தான்.”

நான் வாளியை மறுபடி இறக்கினேன்.

“கலா பொறந்தப்ப நான் பொழைக்க மாட்டேன்னு எங்கம்மாவுக்கு ஆள் அனுப்பிட்டாங்க. நீங்க சாயங்காலம் மண்டியிலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்து என்ன குழந்தைன்னு கேட்டீங்க. பொண்ணுன்னாங்க. சரின்னுட்டுப் போயிட்டீங்க.”

நடந்தது அப்படித்தான். பெண் என்றார்கள், சரி என்றேன். வேறு என்ன சொல்வது? ஆள் அனுப்பியது எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லாமல் விட்டவற்றில் அதுவும் ஒன்று.

“அப்ப அந்தக் கஷாயத்தை எதுக்குக் குடிச்ச?”

“வெயில்ல போயி வாங்கிட்டு வந்தீங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்றது.”

“கீழே கொட்டியிருக்கலாமே.”

“கொட்டத்தான் நெனச்சேன் மொதல்ல.” முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நீங்க எங்கிட்ட நேரா பேசினதில்ல. எதுன்னாலும் செல்விகிட்டச் சொல்லி விடுவீங்க. மருந்து வந்தப்புறந்தான், குடிச்சியாம்மா, ரொம்பக் கசக்குதா, வெல்லம் வேணுமான்னு கேட்டீங்க.”

கயிற்றை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டது. சாயங்காலம் துரை வந்து பாதாளக் கரண்டி போட்டு எடுத்தான்.

ஆத்திரம் அப்படியே இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பகல் சாப்பாடு வீட்டில். ஹோட்டல் சாம்பார் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான். முருங்கைக்காய்க் குழம்பு. உப்பு தூக்கல். சொல்லவில்லை.

ஜூலை 28, வியாழன்

வெயில். காற்றும் உண்டு. கலாவுக்குக் கண்ணில் மண் விழுந்து அழுகை.

காலையில் துரை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கடைசியாக ஒரு தடவை கேட்டேன். “சரோஜா உடம்புக்குத் தாங்காதுன்னா வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரியில காட்டி, தாங்கும்னு சொன்னா?”

“மாட்டேன்பா.”

இந்த வீட்டில் மாட்டேன் என்று சொல்வது வழக்கமாக நான்தான்.

“சரி, எனக்கு நீ இருக்க. உனக்கு யாருடா கொள்ளி வைப்பா?”

“நான் பார்க்கவா போறேன்? யாராவது வைப்பாங்க.”

“யாராவதுன்னா யாரு? பேரு சொல்லு.”

“அப்பா, எனக்கு முப்பத்தி நாலு வயசு ஆகுது. இப்ப பஸ் போயிடும்.”

பங்காளி வீட்டுப் பையனைச் சுவீகாரம் எடுக்கலாம் என்று சாயங்காலம் சொல்லிப் பார்த்தேன். சரோஜா துரையைப் பார்த்தாள். துரை கலாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். “எங்களுக்குப் பிள்ளைங்க இருக்கேப்பா” என்றான். ஒரு ஆண்பிள்ளை சோறு ஊட்டுவதை இந்த வீட்டில்தான் பார்க்கிறேன்.

இவர்கள் யாரும் யோசிக்கப் போவதில்லை. நான் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். செய்ய வேண்டியவையும் செய்ய வேண்டியவர்களும்:

பின்கட்டு ஓடு, மழைக்கு முன் — கொத்தனார் சின்னப்பன். நேரில் போய் அழைக்க வேண்டும், நான்.

கிணற்றுக் கயிறு புதிதாக — துரை.

மருந்து போதும் என்று உறையூரில் சொல்வது — நான். காரணம் சொல்வதற்கில்லை.

பேரன் எப்போது என்று மார்க்கெட்டில் கேட்டால் பதில் — நான் மட்டும். துரை வாய் திறக்கக் கூடாது. உண்மையைச் சொல்லிவிடுவான்.

வடிவேலுவின் வாயை அடைப்பது — நான்.

ரேஷன் — துரை. வரிசைக்கு இனி நான் இல்லை.

எனக்குக் கொள்ளி — துரை.

துரைக்கு — செல்வி. பெண்பிள்ளை சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. இன்றும் அதைத்தான் சொல்கிறேன். வேறு பெயர் இருந்தால் எழுதியிருப்பேன்.