அட்டையில் வாங்கிய வலை

மே 19
ஆற்றில் கடைசிப் பனிப்பாளமும் போய்விட்டது. என் கணவர் ஏவன் சன்னலோரம் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மார்ச்சில் பனிவண்டி கவிழ்ந்து உடைந்த தோள் இன்னும் கூடவில்லை. விமானத் திடலில் சரக்கு இறக்கும் வேலையும் போயிற்று. பள்ளியில் நான் நடத்திய, எங்கள் தாய்மொழியான யூபிக் வகுப்பை நிறுத்தி ஒரு வருடம். இன்று தபாலில் அரசாங்க உணவு அட்டை வந்தது. ஃபேர்பேங்க்ஸ் போய்ப் பட்டம் வாங்கியவள் நான். அட்டையைக் கையுறைக்குள் செருகி வைத்தேன்.

மே 22
கூட்டமில்லாத நேரம் பார்த்துக் கடைக்குப் போனேன். மாவு, உருளைக்கிழங்கு, எங்கிருந்தோ விமானத்தில் வந்த பெட்டி மீன் துண்டுகள் — எல்லாவற்றுக்கும் அட்டை தேய்க்கும் இயந்திரம் சம்மதித்தது. சோப்புக்கு இல்லை. கழிப்பறைக் காகிதத்துக்கு இல்லை. காப்பித்தூள் வாங்கலாம், போட்டு வைத்த சூடான காப்பி வாங்கக் கூடாது. சோப்பைத் திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தால், பின்னால் அத்தை மகன் எஃபிம்.

“என்ன டீச்சரம்மா, அட்டைய இப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்கே. பறந்துடுமா?”

எங்கள் ஊரில் அத்தை மக்களும் மாமன் மக்களும் ஒருவரையொருவர் கேலி செய்யாமல் விடுவதில்லை. அவனுக்கு அந்த உரிமை உண்டு. எனக்கும் உண்டு. நாற்பது வருடமாகப் பதிலுக்குப் பதில் கொடுத்திருக்கிறேன். இன்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மே 27
ஜூன் 12, பன்னிரண்டு மணி நேரம் மட்டும் வலை விடலாம் என்று மீன்வளத் துறையார் வானொலியில் சொன்னார்கள். அடுத்த அனுமதி எப்போது என்று யாருக்கும் தெரியாது. நம் வலையைப் போன வருடம் மிதந்து வந்த மரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று மீன் பிடிக்காவிட்டால், மீனைப் புகையிட்டு உலர்த்தும் புகைக்குடில் காலி. குளிர்காலம் முழுக்கப் பெட்டி மீன்தான். ஏவன் எழுந்து போய், வலை தொங்கிய வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு வந்தார்.

மே 27, மறுபடி
அட்டையோடு வந்த விதிகளை உட்கார்ந்து முழுதும் படித்தேன். எங்கள் அலாஸ்காவில் பெரிய கடைகள் எட்டாத ஊர்களில், வேட்டையையும் மீனையும் நம்பிப் பிழைப்பவர்கள் வலை, தூண்டில், எறியீட்டி, கத்தி எல்லாம் இந்த அட்டையிலேயே வாங்கலாம். துப்பாக்கியும் தோட்டாவும் கூடாது. போக்குவரத்துக்கு, உடைக்கு, தங்க இடத்துக்குக் கூடாது.

வலை. வாங்கலாம். மூன்று முறை படித்துவிட்டேன். ஏன் யாரும் நமக்குச் சொல்லவில்லை? நான்தான் ஏன் கேட்கவில்லை?

மே 28
இயந்திரம் வலையை ஏற்கவில்லை. கடைக்குப் புதிதாக வந்திருக்கும் மேலாளர் டேரன், தெற்கே இருந்து வந்தவர், நல்ல மாதிரிதான். “வலை சாப்பாடு இல்லீங்களே. முன்னாடி நான் இருந்த ஊர்ல சூடான கோழியவே இந்த அட்டையில விட மாட்டோம். வலைய எப்படிங்க விடறது?”

வரிசையில் எஃபிம். “பயப்படாதீங்க சார், வலைய அப்படியே கடிச்சுத் தின்னுட மாட்டா. பல்லு அவ்வளவு நல்லால்ல.”

கடையே சிரித்தது. அன்றைக்குச் சோப்பைத் திருப்பி வைத்த கை, இன்று வலையை விடவில்லை. வகுப்பில் பேசுகிற குரல் எங்கிருந்தோ வந்தது. “இந்த ஆத்துல வலை இல்லாம சாப்பாடு ஏதுங்க? விதியிலயே இருக்கு. படிச்சுக் காட்டறேன்.”

படித்தேன். டேரன் காது சிவக்க, “எழுதிக் குடுங்க டீச்சர், மேலிடத்துல கேக்கறேன்” என்றார். எஃபிம்கூட வாயை மூடிக்கொண்டான். இதையும் எழுதி வைக்க வேண்டியதுதான்.

மே 29
அந்தப் பத்தியை இரண்டு மொழியிலும் என் கையால் எழுதிக் கொடுத்தேன். டேரனுக்கு ஆங்கிலம் போதும். யூபிக், வரிசையில் நிற்பவர்களுக்கு.

ஜூன் 4
பதில் இல்லை. எட்டு நாள் இருக்கிறது.

ஜூன் 7
சேற்றில் நடந்து டேரனே வீட்டுக்கு வந்தார். “அட்டைய எடுத்துக்கிட்டு வாங்க. இயந்திரத்துல சரி பண்ணிட்டாங்க. வலைய வேற யாருக்கும் விக்காம எடுத்து வச்சிருக்கேன்.”

அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே ஊரின் நடுவே நடந்தேன். நான் எழுதிக் கொடுத்த தாள் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒரு பெண் கையில் அட்டையோடு அதன் முன் நின்று, உதடசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் இந்த அட்டை இருப்பது இன்றுதான் தெரியும்.

ஏவன் ஒற்றைக் கையால் வலையின் மிதவைகளைச் சரிபார்க்கிறார். மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் சீட்டியடிக்கிறார்.

ஜூன் 10
பெட்ரோல். அதை அட்டை வாங்காது. படகு கரையில், தொட்டி காலி.

யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. அதுதான் இத்தனை நாள் என் பெருமை. அதைக் கட்டிக்கொண்டு என்ன செய்ய? எஃபிம் வீட்டு வாசலில் போய் நின்றேன். “எங்கிட்ட வலை இருக்கு. பெட்ரோல் இல்ல.”

“ஏன், அரசாங்கம் வலை குடுத்துச்சே, எண்ணெய் ஊத்தலையா? கரையில நின்னு வலைய ஆட்டிக் காட்டு, மீன் தானா வரும்.”

“வரும். உன் மூஞ்சியப் பாத்தா திரும்பிப் போயிடும். அதான் யோசிக்கறேன், உன்னைக் கூட்டிட்டுப் போலாமா வேணாமான்னு.”

சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான்: “பெட்ரோல் இருக்கு. என் வலைதான் கந்தலாக் கிடக்கு, ஓலின்கா. யார்கிட்டக் கேக்கறதுன்னு நானும்தான் முழிச்சிட்டிருந்தேன்.”

ஜூன் 12
இருபத்தேழு மீன். அதில் ஏழு, ராஜா என்று நாங்கள் சொல்கிற பெரிய சால்மன். முதல் மிதவை அமிழ்ந்தபோது எஃபிம் சின்னப் பையன் மாதிரிக் கத்தினான். கை எரிகிறது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூன் 13
முதல் மீனைப் பிடித்தவர் தன் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. அது எங்கள் வழக்கம். சுவர் முன் நின்று படித்தாளே, அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மீதியில் பாதி எஃபிமுக்கு, பாதி நமக்கு. பிறை வடிவக் கத்தியால் நாள் முழுக்க அறுத்தேன். ஏவன் தொங்கவிட்டார், தோள் வலிக்காமல் எட்டும் தாழ்ந்த கம்புகளில் மட்டும்.

ஜூலை 8
இன்னும் இரண்டு முறை வலை விட அனுமதி வந்தது; புகைக்குடில் நிறைந்திருக்கிறது. உள்ளே நுழைந்தால் தொங்கும் மீனின் சிவப்பு மட்டும்தான். அடிக்கடி காரணமில்லாமல் போய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன்.

சாயங்காலம் டேரன் அந்தப் பக்கம் வந்தவர் நின்றார். “வாசனை தெருக்கோடி வரைக்கும் வருது டீச்சர். ஒரு துண்டு விலைக்குக் கிடைக்குங்களா?”

“விலைக்கு இல்ல.”

அவர் முகம் வாடியது. நாலு துண்டு எடுத்துக் காகிதத்தில் சுற்றி நீட்டினேன். வாங்கவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். கை சட்டைப்பையைத் தேடியது. “சும்மா எப்படிங்க வாங்கிக்கறது…”

அந்த முகத்தை எனக்குத் தெரியும். மே மாதம் முழுக்க அதைத்தான் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

“முதல் தடவைதாங்க கஷ்டமா இருக்கும்,” என்றேன். “கைய நீட்டுங்க.”

நீட்டினார்.