வலது காது போடும் சத்தம்

மார்ச் 11, பிற்பகல் 3.20. உன் குரல் பதிவை இன்று கேட்டது: நாற்பது முறை.

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முட்டிவலி எப்படி? "பரவாயில்லை" என்று எழுதாதே. மாடிப்படி ஏற முடிகிறதா, இல்லையா? அதைச் சொல்.

காது கேட்பதோடு நிற்காது, தானும் மிக மெல்லிய சத்தம் போடும். இடது காதில் ஒலி கொடுத்தால் வலது காதின் சத்தம் குறையும். அதை அளக்கும் புதுக் கருவியை இன்று சரிபார்த்துக் காட்டினால்தான் எனக்கு வேலை நிரந்தரம். சோதனைக்கு வர வேண்டிய ஆள் வரவில்லை. என் காதையே கொடுத்தேன். இடது காதுக்கான இரைச்சல் பதிவும் திறக்கவில்லை. அவசரத்துக்கு, "ஒழுங்கா சாப்பிடுறியாடா?" என்று நீ அனுப்பியதை ஓடவிட்டேன்.

எச்சில் விழுங்கும் சத்தம் கலந்தால் கருவி அந்த அளவீட்டைச் செல்லாதென்று தள்ளிவிடும். நாற்பதில் முப்பத்தொன்பதைத் தள்ளியது.

"அம்மா பேசினா உன் தொண்டை ஏம்பா வேலை செய்யுது?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"சளி, மேடம்."

"கண்ணுலயுமா சளி?"

அவரே தன் கணினியிலிருந்து வெறும் இரைச்சலைப் போட்டார். கருவி தேறியது, நானும் தேறினேன். சளி பொய், மருந்து அனுப்பாதே.

இன்னொரு பதிவு மட்டும் அனுப்பு, நீளமாக. மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதைப் படித்தாலும் போதும். சோதனைக்குத்தான். மேடம் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

இனி செய்யப்போவது:

1. வேலை நிரந்தரமான கடிதத்தைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்புவேன்.
2. ஞாயிறு காலை நானே ஃபோன் செய்வேன்.
3. உன் புதுப் பதிவை என் அறையில் வைத்துக் கேட்பேன். அங்கே எத்தனை முறை விழுங்கினாலும் கேட்க ஆளில்லை.