கண்ணாடிக்காரர் சொன்னது

அண்ணை,

இன்று காலை தாதிமாரில் ஒரு ஷ்வெஸ்டர் என் கையில் இரண்டாவது ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, சுவரில் தொங்கும் தொலைக்காட்சியில் செய்தி போனது. சத்தம் இல்லை. நீல வெளிச்சத்தில் ஒரு நீண்ட மேடை, அதில் வரிசையாக எட்டுப் பேர், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பேச்சு மேசை. அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலுக்குக் கட்சி வேட்பாளரைத் தெரிவு செய்யும் போட்டி மறுபடி தொடங்கிவிட்டது. முதலாவது விவாதமாம்.

என்னையறியாமல் தலையை இடப்பக்கம் திருப்பிவிட்டேன். உங்கள் கதிரையில் இப்போது ஒரு ஜேர்மன்காரர் படுத்திருக்கிறார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "என்ன?" என்பதுபோல் பார்த்தார். ஒன்றுமில்லை என்று சிரித்துவிட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டேன். இரத்தம் வெளியே போய், கழுவப்பட்டு, திரும்பி வர நான்கு மணித்தியாலம். அந்த நான்கு மணித்தியாலமும் வாயைத் திறக்காமல் உங்களோடுதான் கதைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் எழுதுகிறேன்.

டோர்ட்மண்டில் இருபது வருடமாக இருந்தும், நாங்கள் இருவரும் அறிமுகமானது இந்த டயாலிசிஸ் நிலையத்தில்தான். திங்கள், புதன், வெள்ளி, காலை முதல் பிரிவு. எனக்கு வலக்கையில் ஊசி, உங்களுக்கு இடக்கையில். அதனால் எங்கள் சும்மா இருக்கும் கைகள் இரண்டும் நடுவிலிருந்த சின்ன மேசையின் பக்கம் வந்தன. "ஆர் பெத்த பிள்ளையோ, நடுவிலை மேசையை வைச்சு எங்களைக் கட்டிப்போட்டிருக்கிறாங்கள்," என்றீர்கள் முதல் நாளே. நான் சிரிக்கவில்லை. அப்போது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அந்தக் கதிரையில் இருக்கவேண்டியவள் நானில்லை என்றே முதல் ஆறு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன அமெரிக்கத் தேர்தலின்போது விவாதங்களைப் பார்க்கத் தொடங்கியது உங்களால்தான். உங்களுக்கு ஜேர்மன் மொழியான டொச் தண்ணீர் பட்டபாடு, ஆங்கிலம்தான் மட்டு. நான் சரக்கு அனுப்பும் கந்தோர் ஒன்றில் வேலை செய்து ஆங்கிலம் பிடித்தவள். "தங்கச்சி, இவங்கள் என்ன கதைக்கிறாங்கள் எண்டு எனக்கு ஒருக்காச் சொல்ல ஏலுமே?" என்று ஒரு திங்கட்கிழமை கேட்டீர்கள். எங்கள் நேரத்துக்கு அதிகாலையில் நடக்கும் விவாதம், நாங்கள் ஊசி குத்தி முடிக்கும் நேரத்தில் பதிவாக வந்துவிடும். என் டப்லெட்டை நடு மேசையில் சாய்த்து வைத்தோம். காதில் செருகும் வயரில் ஒரு முனை எனக்கு, மற்றது உங்களுக்கு. உங்களுக்கு விளங்காவிட்டாலும் குரலைக் கேட்கவேண்டும் என்பீர்கள்.

முதலில் பத்துப் பேர் நின்றார்கள். பெயர்கள் வாயில் வராததால் நீங்களே பெயர் வைத்தீர்கள். விரலை ஆட்டி ஆட்டிப் பேசிய அம்மா 'ரீச்சர்'. எல்லாக் கேள்விக்கும் சிரித்தவர் 'பல்லு'. வட்டக் கண்ணாடி போட்டு, குரலை உயர்த்தாமல் பேசிய ஆளுநர் 'கண்ணாடிக்காரர்'. அவரை உங்களுக்குப் பிடித்துக்கொண்டது. நீங்கள் வேலை செய்த ஹோட்டல் சலவைப் பகுதியில் தொழிலாளர் பிரதிநிதியாக ஒருமுறை போட்டியிட்டுத் தோற்றதைப் பெருமையாகச் சொல்வீர்கள். "நானும் எலக்சன் கேட்டவன் தங்கச்சி. பொய் சொல்றவன் மேசையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பான். இவர்டை கையைப் பாருங்கோ, சும்மா கிடக்குது."

இரண்டாவது விவாதத்தின்போதுதான், இது உங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. குடியேறிகளைப் பற்றிய கேள்வி வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். பிறகு மகனைப் பற்றிச் சொன்னீர்கள். நீங்கள் அகதியாகப் புறப்பட்டபோது அவனுக்குப் பதினான்கு வயது. இங்கே உங்களுக்கு வதிவிட அனுமதி கிடைத்துக் குடும்பத்தை எடுக்க விண்ணப்பித்தபோது பதினெட்டைத் தாண்டிவிட்டான், அந்த வயதுக்கு மேல் பிள்ளையாக எடுக்க விடமாட்டார்கள். மனைவி வந்தார், மகன் நின்றுவிட்டான். பிறகு அவன் ஏஜென்சி பிடித்து, ஏழெட்டு நாடு கடந்து, அமெரிக்காவுக்குள் நுழைந்து புகலிடம் கேட்டான். வழக்கு முடியவேயில்லை. முடியாமல் அந்த நாட்டை விட்டு வெளியேறினால் திரும்பி உள்ளே போக முடியாது. உங்களுக்கு ஜேர்மன் பாஸ்போட் கைக்கு வந்த வருடம் மனைவி காலமானார், அதே வருடம் சிறுநீரகமும் நின்றுபோனது. "அவனும் அங்கை கட்டுப்பட்டுக் கிடக்கிறான், நானும் இஞ்சை கட்டுப்பட்டுக் கிடக்கிறன்," என்றீர்கள். உங்கள் கையிலிருந்து இயந்திரத்துக்குப் போன குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

ஆனால் அந்த இலையுதிர் காலத்துக்கு ஒரு திட்டம் வைத்திருந்தீர்கள். நியூ ஜேர்சியில் மகன் இருக்கும் ஊரிலேயே ஒரு டயாலிசிஸ் நிலையம் உங்களை இரண்டு கிழமைக்கு எடுக்கச் சம்மதித்திருந்தது. டொக்டரும் கடிதம் கொடுத்திருந்தார். பயணச்சீட்டை மடித்து, பாஸ்போட்டுக்குள் வைத்து, அதைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வருவீர்கள்.

செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை. அன்று உங்களுக்கு ஊசி சரியாக ஏறவில்லை, மூன்று தரம் குத்தினார்கள். இரத்த அழுத்தம் விழுந்து, இயந்திரம் இரண்டு தடவை கத்தியது. உங்கள் முகம் சுண்ணாம்புபோல் இருந்தது. "போடுங்கோ, கேப்பம்," என்றீர்கள். நானும் போட்டேன். புகலிட வழக்கு நிராகரிக்கப்பட்டவர்களை என்ன செய்வீர்கள் என்று கண்ணாடிக்காரரிடம் கேட்டார்கள். அதே அமைதியான குரலில் அவர் சொன்னார்: எத்தனை வருடம் இங்கே வாழ்ந்திருந்தாலும் சரி, தீர்ப்பு எதிராக வந்தால் அனுப்பியே ஆகவேண்டும், பதவியேற்ற முதல் நாளே தொடங்குவேன்.

"என்னவாம்?" என்று கேட்டீர்கள்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை, அண்ணை. "இழுபடுற வழக்குகளை எல்லாம் முதல் நாளிலை இருந்தே முடிச்சுக் குடுப்பாராம்," என்றேன். அதில் 'முதல் நாள்' மட்டும்தான் உண்மை.

"முடிச்சா வெளிநாடு போய்வர விடுவாங்களோ?"

"விடுவாங்கள்தானே."

வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தபோது சேட்டுப் பை தட்டையாக இருந்தது. "கான்சல் பண்ணிப்போட்டன்," என்றீர்கள் சந்தோசமாக. "இந்தக் கையோடை நான் ஏன் அவ்வளவு தூரம் அலைய வேணும்? ஒண்டரை வருசம் பொறுத்தா அவனே வந்து நிப்பான்." ஊசி குத்தவந்த ஷ்வெஸ்டரிடமும் டொச்சில் அதைச் சொன்னீர்கள். அவளும் வாழ்த்துச் சொன்னாள்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நான்கு மணித்தியாலம் பக்கத்தில் படுத்திருக்கவேண்டுமே என்ற பயம் வாயை அடைத்தது. ஒருமுறை நல்லவராக்கிய மனிதரை அடுத்த முறையும் நல்லவராக்கவேண்டி வந்தது. ஒக்டோபரில் அவர் இன்னும் கடுமையாகப் பேசினார். என் தமிழில் இன்னும் இரக்கமுள்ளவரானார்.  விவாதம் வரும் கிழமை என்றாலே, வேறொரு டொக்டரிடம் போகவேண்டும், தலையிடிக்கிறது என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பேன். அந்தக் கதிரையில் கட்டுண்டு கிடக்கும் ஒருத்தி எங்கே ஓட?

நவம்பரில் உங்களுக்கு நெஞ்சில் நீர் கோர்த்தது. இதயம் பலவீனமாகிவிட்டது, இனி விமானப் பயணம் கூடாது என்றார் டொக்டர். நீங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "நான் எங்கை போறது? அவனெல்லோ வரப்போறான்," என்றீர்கள். நான் வலிக்காத கையால் போர்வையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தேன்.

டிசெம்பரில் மகன் அழைத்தான். அங்கே நடுச்சாமம் தாண்டிய நேரம், இரவு வேலை முடிந்து வந்து எடுத்திருந்தான். ஒரு கையால் தொலைபேசியைப் பிடிக்கக் கஷ்டப்பட்டு ஸ்பீக்கரில் போட்டு நெஞ்சில் வைத்திருந்தீர்கள். கண்ணாடிக்காரர் வென்றால் உன் பிரச்சினை முடிந்தது என்று அவனுக்குச் சொன்னீர்கள்.

"அப்பா, ஆர் உங்களுக்கு இப்பிடிச் சொன்னது?" என்றான் அவன். "அந்தாள் வந்தா முதல் நாளே எங்களைப் பிடிச்சு அனுப்பப்போறன் எண்டெல்லோ சொல்லுது. இஞ்சை எல்லாரும் அந்தாளுக்குத்தான் பயந்துகொண்டிருக்கிறம்."

நீங்கள் அழைப்பை நிறுத்தினீர்கள். என்னைப் பார்க்காமலே கேட்டீர்கள்.

"தங்கச்சி, அண்டைக்கு அவர் என்ன சொன்னவர்?"

சொன்னேன். இந்தமுறை ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"நான் டிக்கெட்டைக் கான்சல் பண்ணினனான்," என்றீர்கள். அவ்வளவுதான்.

இயந்திரத்தின் திரையில் இன்னும் மூன்று மணித்தியாலம் பத்து நிமிடம் என்று காட்டியது. எனக்கு எழுந்து போக வழியில்லை. உங்களுக்கும் இல்லை. அதற்குப் பிறகு மூன்று கிழமை நீங்கள் என்னோடு கதைக்கவில்லை. கிழமைக்கு மூன்று நாள், ஒரு முழத் தூரத்தில் உங்கள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். வேறு கதிரை தரமுடியுமா என்று ஷ்வெஸ்டரிடம் கேட்டேன். எல்லா இடமும் நிரம்பிவிட்டது என்றாள். நான் கேட்டது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். நீங்கள் உங்கள் வலக்கையை நடு மேசையிலிருந்து எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டீர்கள். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய அடி யாரும் அடித்ததில்லை.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, "அந்தச் சாமானைப் போடுங்கோ," என்றீர்கள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. டப்லெட்டைக் காட்டினீர்கள். "எத்தினை பேர் மிச்சம்?"

"நாலு பேர் அண்ணை."

"கண்ணாடிக்காரர்?"

"நிக்கிறார்."

"சரி. சொன்னதைச் சொன்ன மாதிரிச் சொல்லுங்கோ. எனக்காக ஒருத்தரையும் நல்லவனாக்க வேண்டாம்."

சொன்னேன். அன்று அவர் மற்ற எல்லா விவாதத்தையும் விட மோசமாகப் பேசினார்.  மண்டபத்தில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, "கை தட்டினவங்களோ?" என்றீர்கள்.

"ஓம் அண்ணை."

"கனபேரோ?"

"கனபேர்."

 பிறகு மகனை அழைத்து, வேறொரு நல்ல வழக்கறிஞரைப் பார், ஒருத்தரையும் நம்பிக்கொண்டிருக்காதே என்று சொன்னீர்கள். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "நீங்கள் பொய் சொன்ன அந்த மூண்டு மாசமும் நான் நல்லா நித்திரை கொண்டனான், தங்கச்சி. ஆனா அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரேல்லை."

மன்னித்தீர்களா இல்லையா என்று நான் கேட்கவில்லை. உங்கள் கை மேசைக்குத் திரும்பி வந்தது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

மார்ச்சில் உங்களை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு ஊசி இல்லாத நாட்களில் வந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒக்சிசன் குழாயை மூக்கிலிருந்து விலக்கிவிட்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள். "அவனை வரச் சொல்லுங்கோ. வழக்கு என்னவாய்ப் போனாலும் பரவாயில்லை. எனக்கு அவன்ரை முகத்தைப் பாக்கவேணும்." வெளியே நடைபாதைக்குப் போய்த் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அங்கே அவன் நித்திரையாக இருக்கும் நேரம். மத்தியானம் எடுக்கலாம் என்று நின்றேன். நேரத்துக்காகத்தான் நின்றேனா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. மத்தியானம் நீங்களே மறுபடி கூப்பிட்டீர்கள். "வேண்டாம். அவனை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. வந்தா அவனுக்கு ரெண்டு நாடும் இல்லை." அதை உடனே அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை, நான் கதிரையில் கிடந்த நேரத்தில், நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்களை எரித்ததை மகன் தொலைபேசியில் பார்த்தான். நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்காரர் அதற்கு அடுத்த மாதம் போட்டியிலிருந்து விலகினார். மகனின் வழக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. என் பெயரும் சிறுநீரகப் பட்டியலில் அப்படியேதான் இருக்கிறது.

இதுவரைக்கும் பெரும்பாலும் நீங்கள் அறிந்ததுதான். நீங்கள் அறியாத ஒன்று இருக்கிறது. உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சில நாளில் அவன் என்னை அழைத்தான். கொஞ்ச நேரம் சுற்றி வளைத்துக் கதைத்துவிட்டுக் கேட்டான்.

"அக்கா, அப்பா கடைசிவரைக்கும் என்னை வரச் சொல்லிக் கேக்கேல்லையோ?"

இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு இலகு, அண்ணை. அந்த ஒரு சொல்லால் அவன் நிம்மதியாக இருந்திருப்பான். என் வாய் அந்தச் சொல்லுக்கு ஆயத்தமாகவும் இருந்தது.

"கேட்டவர்," என்றேன். "செவ்வாய்க்கிழமை காலமை. பிறகு மத்தியானம், வேண்டாம் எண்டவர். நான் உங்களுக்கு மத்தியானம் சொன்னதை மட்டும்தான் சொன்னனான்."

 மறுபக்கத்தில் வாகனங்கள் போவது கேட்டது. என்னைத் திட்டப்போகிறான் என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"காலமை என்ன சொன்னவர்?" என்றான். "அப்பான்ரை வாயாலை வந்த மாதிரியே சொல்லுங்கோ."

உங்கள் சொல் ஒன்றும் குறையாமல், நீங்கள் மூச்சு விட நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்தி, சொன்னேன். 'எனக்கு அவன்ரை முகத்தைப் பாக்கவேணும்' என்பதோடு முடித்தேன். அவன் அழுதான். அழுகையை அடக்கிக்கொண்டு, "இன்னொருக்காச் சொல்லுங்கோ, அக்கா," என்றான்.

இன்னொருக்காச் சொன்னேன். இப்போதும் மாதத்தில் ஒரு நாள் அழைக்கிறான், அண்ணை. தன் வேலையைப் பற்றி, என் கையைப் பற்றி எல்லாம் கதைத்து முடித்துவிட்டு, வைக்க முன் கொஞ்சம் தயங்குவான். எதற்கென்று எனக்குத் தெரியும். அவன் கேட்பதற்கு முன் நானே சொல்லத் தொடங்கிவிடுவேன்.